ஏடிஹெச்டி இருக்கிறது, வேலையை விட்டுவிடட்டுமா?

கேள்வி: எனக்கு 34 வயது. காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் க்ளெய்ம் பிரிவில் இருக்கிறேன். எட்டு வருடம் சர்வே வேலை பார்த்தேன். விபத்து நடந்த இடத்துக்குப் போய், சேதத்தைப் பார்த்து, படம் எடுத்து, மதிப்பிட்டு வருவேன். அதில் எனக்கு நல்ல பெயர். போன வருடம் பதவி உயர்வு கொடுத்து உள்ளே உட்கார வைத்தார்கள். நான்கு பேரின் ஃபைல்களைச் சரிபார்க்க வேண்டும், மாத அறிக்கை தயாரிக்க வேண்டும். அன்றிலிருந்து எதுவும் சரியாகப் போகவில்லை. அறிக்கை ஒவ்வொரு மாதமும் தாமதம். மேலாளர் நடந்துபோகும்போது சொல்லும் வேலைகள் என் நாற்காலிக்கு வருவதற்குள் மறந்துவிடுகின்றன. தடுப்பே இல்லாத பெரிய ஹாலில் உட்காருகிறேன், யார் பேசினாலும் காதில் விழுகிறது. மதியம் மூன்று மணிக்கு மேல் தலை ஓடுவதில்லை. எல்லோரும் கிளம்பியபின் ஏழு மணிக்குத்தான் உருப்படியாக வேலை நடக்கிறது. நான்கு மாதத்துக்கு முன் மனநல மருத்துவர் ஏடிஹெச்டி (கவனக் குறைவு, மிகை இயக்கக் குறைபாடு) என்று உறுதிசெய்து மருந்து கொடுத்தார். மருந்தால் கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் வேலை அப்படியேதான் இருக்கிறது. ராஜினாமா கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பிவிடட்டுமா? அல்லது மேலாளரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடட்டுமா? “மறதி எல்லாருக்கும்தான் இருக்கு” என்று அவர் சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தக் கடிதத்தை இப்போதைக்கு அனுப்ப வேண்டாம். வேலையை விடவே கூடாது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. விடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்கத் தேவையான விவரம் இன்னும் உங்கள் கையில் இல்லை. அது கையில் வர இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை கடிதம் அங்கேயே இருக்கட்டும்.

நீங்கள் எழுதியதில் என் கண் முதலில் நின்றது அந்த எட்டு வருடத்தில்தான். ஏடிஹெச்டி போன வருடம் வந்து ஒட்டிக்கொண்டதல்ல. நோயறிதல் விதிப்படியே அதன் அறிகுறிகளில் சில 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். ஆகவே சர்வே பார்த்து நல்ல பெயர் வாங்கியபோதும் அது உங்களோடுதான் இருந்தது. அப்போது ஏன் தடுக்கி விழவில்லை? அந்த வேலை எப்படி இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். இத்தனை மணிக்கு இந்த இடத்தில் இருக்க வேண்டும். அங்கே ஒருவர் காத்துக்கொண்டிருப்பார். போனால் கண்ணுக்கு முன்னால் நொறுங்கிய வண்டியோ நனைந்த சரக்கோ கிடக்கும். நிரப்ப வேண்டிய படிவம் கையில் இருக்கும். முடித்துவிட்டால் முடிந்தது. மறுநாள் வேறு இடம், வேறு பிரச்சினை, நாள் முழுக்க நடமாட்டம். எப்போது தொடங்குவது, எதில் தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்பதையெல்லாம் வேலையே சொல்லிக்கொடுத்தது.

இப்போதைய பதவி அதையெல்லாம் எடுத்துவிட்டு, “நீங்களே திட்டமிட்டு நடத்துங்கள்” என்று விட்டுவிட்டது. ஏடிஹெச்டி கைவைப்பது சரியாக அந்த இடத்தில்தான். ஒரு வேலையைத் தொடங்குவது, காதில் விழுந்ததைச் சில நிமிடம் மனதில் பிடித்து வைத்திருப்பது, நேரம் போவதை உணர்வது, பலன் தள்ளி இருக்கும் வேலைக்காக இன்றே உட்காருவது, இவை எல்லாமே மூளையின் நிர்வாகச் செயல்பாடுகள். நல்ல புத்திசாலிகளுக்கும் இவற்றில் தடை வரலாம். இத்துறையில் பல்லாண்டு ஆய்வு செய்த அமெரிக்க உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லி திரும்பத் திரும்பச் சொல்வது, ஏடிஹெச்டி உள்ளவர்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று நன்றாகத் தெரியும், தெரிந்ததை உரிய நேரத்தில் செய்வதில்தான் தடை என்பது. ஆகவே உதவியும் அந்த வேலை நடக்கும் இடத்தில், அந்த நிமிடத்தில், கண்ணுக்கு முன்னால் இருக்க வேண்டும் என்கிறார். ஞாயிற்றுக்கிழமை எடுக்கும் உறுதிமொழி திங்கள் காலை பதினொரு மணிக்கு உதவாமல் போவது இதனால்தான். உங்களிடம் மனவுறுதி குறைவு என்று நீங்கள் இத்தனை நாள் நம்பியிருந்தால், அந்த நம்பிக்கையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அது உண்மையும் இல்லை, அதனால் ஒரு பயனும் இல்லை.

மருந்தைப் பற்றி. “கொஞ்சம் பரவாயில்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். அது நல்ல செய்திதான். மருந்து கவனத்தைக் கூட்டும், ஆனால் அந்தக் கவனத்தை எதில் வைப்பது என்று காலெண்டரில் எழுதித் தராது. உங்கள் நிலையில் இருந்தவர்களை வைத்தே ஒரு நல்ல ஆய்வு நடந்திருக்கிறது. ஸ்டீவன் சாஃப்ரன் என்பவரின் குழு, மருந்து எடுத்தும் அறிகுறிகள் மிச்சமிருந்த 86 பெரியவர்களை இரண்டாகப் பிரித்தது. ஒரு பிரிவுக்குத் தளர்வுப் பயிற்சியும் பொதுவான விளக்கங்களும். இன்னொரு பிரிவுக்கு காலெண்டரையும் வேலைப் பட்டியலையும் பயன்படுத்துவது, பெரிய வேலையைத் துண்டாக்குவது, கவனச் சிதறலைச் சமாளிப்பது போன்ற திறன்களைக் கற்றுத் தரும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. 2010-இல் வெளியான முடிவில் இரண்டாவது பிரிவினருக்கே அதிக முன்னேற்றம். மருந்தை நிறுத்த அல்ல, மருந்தோடு சேர்த்துச் செய்ய வேண்டியது இது. உங்கள் மருத்துவரிடம் இந்தச் சிகிச்சை தரும் உளவியலாளர் யாராவது இருக்கிறார்களா என்று கேளுங்கள்.

சரி, அலுவலகத்துக்கு வருவோம். முதலில் ஒரு வாரம் எதையும் மாற்றாமல் குறித்து மட்டும் வையுங்கள். ஏதாவது நழுவும்போதெல்லாம் ஒரு வரி போதும்: என்ன நழுவியது, அப்போது மணி என்ன, அதற்கு முன் என்ன நடந்துகொண்டிருந்தது. “எல்லாமே தப்பாகப் போகிறது” என்று தோன்றுவதெல்லாம் ஒரு வாரக் குறிப்பில் நான்கைந்து இடங்களாகச் சுருங்கிவிடும். பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் மறுபடி மறுபடி கால் தடுக்கும். உங்கள் கடிதத்தை வைத்துச் சொன்னால், அறிக்கையில் சிக்கல் தொடங்குவதில் இருக்கிறது, மேலாளர் சொல்லும் வேலையில் சிக்கல் நினைவில் இருக்கிறது, ஹாலில் சிக்கல் இரைச்சலில் இருக்கிறது, மூன்று மணிக்குப் பிறகு சிக்கல் பெரும்பாலும் மருந்தின் நேரத்தில் இருக்கிறது. நான்கும் வேறு வேறு. ஒரே மருந்தாக “இன்னும் கவனமாக இருப்பேன்” என்று எல்லாவற்றுக்கும் போட்டால் ஒன்றும் தீராது.

அறிக்கையைப் பற்றி விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் பெயரைக் கெடுப்பது அதுதான். மாதக் கடைசியில் ஒரே ஒரு கடைசித் தேதி. முதல் 25 நாள் அது உங்கள் மூளைக்குத் தொலைவில் எங்கோ இருக்கிறது. ஏடிஹெச்டி உள்ளவர்களுக்கு நேரம் பெரும்பாலும் இரண்டே வகை, இப்போது, அப்புறம். ‘அப்புறம்’ என்ற பெட்டியில் இருக்கும் வேலை, பயம் வந்து தொண்டையைப் பிடிக்கும்போதுதான் ‘இப்போது’ என்ற பெட்டிக்கு வருகிறது. கடைசி இரவில் உட்கார்ந்து முடித்துவிடுகிறீர்கள், நன்றாகவும் இருக்கிறது. அதனாலேயே “எனக்கு அழுத்தம் இருந்தால்தான் ஓடும்” என்று ஒரு கணக்கு மனதில் பதிந்துவிடுகிறது. ஓடுவது உண்மைதான். ஆனால் அதற்கான விலையைத் தூக்கத்திலும் மறுநாள் வேலையிலும் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அறிக்கையை நான்காக உடைத்து, ஒவ்வொரு துண்டையும் ஒரு வாரத்தில், ஒரு மனிதரின் முன்னால் முடியுமாறு வையுங்கள். ‘மனிதரின் முன்னால்’ என்பதுதான் இதில் முக்கியம். நமக்கு நாமே வைத்துக்கொள்ளும் தேதியை மூளை நம்பாது, தள்ளிப்போடலாம் என்று அதற்குத் தெரியும். “செவ்வாய் பதினொன்றுக்கு வந்த க்ளெய்ம்களின் அட்டவணையை உங்களிடம் காட்டுகிறேன், பத்து நிமிடம் பார்த்துக் கொடுங்கள்” என்று சக ஊழியர் ஒருவரிடம் சொல்லிவிட்டால், அங்கே ஒருவர் காத்திருக்கிறார் என்ற பழைய சர்வே நாட்களின் நிலைமை திரும்ப வந்துவிடுகிறது. மேலாளரிடமே வாரம் ஒரு பத்து நிமிடச் சந்திப்பு கேட்டு வாங்கினால் இன்னும் நல்லது. வேலையில் அக்கறை உள்ளவர் என்றுதான் அவர் அதை எடுத்துக்கொள்வார்.

அப்புறம், பட்டியலில் “அறிக்கை தயாரிக்க வேண்டும்” என்று எழுதாதீர்கள். அது நாற்பது வேலைகளின் பெயர், அதைப் பார்த்தாலே கை பின்வாங்கும். கையால் செய்யக்கூடிய முதல் அசைவை எழுதுங்கள்: “போன மாத அறிக்கை ஃபைலைத் திற. நகலெடு. தலைப்பில் மாதத்தை மாற்று. பழைய எண்களை அழி.” இவ்வளவுதான் முதல் நாள் வேலை. ஐந்து நிமிடம் ஆகும். ஆனால் ஐந்து நிமிடத்துக்குப் பிறகு உங்கள் முன்னால் வெற்றுப் பக்கம் இருக்காது, பாதி நிரம்பிய அறிக்கை இருக்கும். வெற்றுப் பக்கத்தில் முதல் வரி எழுதுவது ஏடிஹெச்டி உள்ளவர்களுக்குப் படாதபாடு. பாதி இருப்பதில் கைவைப்பது அவ்வளவு கடினமில்லை.

இதை எப்போது செய்வது என்பதையும் நேரத்தோடு மட்டும் கட்டாமல் ஒரு செயலோடு கட்டிவிடுங்கள். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1990-களிலிருந்து ஆராய்ந்துவரும் உத்தி இது: “இது நடந்தால் அதைச் செய்வேன்” என்று முன்கூட்டியே சொல்லி வைப்பது. “திங்கள் காலை கணினியைப் போட்டதும், மெயிலைத் திறக்கும் முன், அறிக்கை ஃபைலைத் திறப்பேன்.” இதை ஒரு சீட்டில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டிவிடுங்கள். மெயிலைத் திறந்துவிட்டால் அன்றைய காலை போய்விடும், உங்களுக்கே தெரியும்.

இன்னொன்று, எளிமையானது. யாராவது பக்கத்தில் உட்கார்ந்து தங்கள் வேலையைச் செய்துகொண்டிருந்தாலே பலருக்கு வேலை ஓடுகிறது. அவர் உதவவோ மேற்பார்வை செய்யவோ தேவையில்லை. இதற்கு ஆராய்ச்சி ஆதாரம் அதிகமில்லை. ஆனால் என்னிடம் வருபவர்களில் இதனால் பயன்பெற்றவர்களை அடிக்கடி பார்க்கிறேன். செலவும் இல்லை. உங்கள் குழுவில் ஒருவருக்கும் தள்ளிப்போட்ட வேலை இருக்கும், இருவரும் ஒரு மணி நேரம் மீட்டிங் அறையில் சேர்ந்து உட்காருங்கள்.

மேலாளர் நடந்துபோகும்போது சொல்லும் வேலைகளுக்கு வருவோம். இதில் நினைவைப் பயிற்றுவிக்க முயலாதீர்கள், வழியை மாற்றுங்கள். காதில் விழுந்தது உடனே எழுத்தாகிவிட வேண்டும். எப்போதும் ஒரு சின்ன நோட்டு கையில் இருக்கட்டும், அவர் பேசத் தொடங்கும்போதே திறந்துவிடுங்கள். நாற்காலிக்கு வந்ததும் முதல் வேலை இரண்டு வரி மெயில்: “இப்போது நீங்கள் சொன்னது: கிடங்கு தீ விபத்து க்ளெய்மில் மறுமதிப்பீடு கேட்க வேண்டும், வியாழனுக்குள். நான் புரிந்துகொண்டது சரிதானே?” இதில் நினைவூட்டல், கடைசித் தேதி, ஆதாரம் மூன்றும் கிடைத்துவிடுகின்றன. தேதி சொல்லாமல் போனால் கேட்டு வாங்குங்கள். “சீக்கிரம்” என்ற சொல் உங்களுக்கு எந்த வகையிலும் உதவாது. கொஞ்ச நாளில் அவரே மெயிலில் எழுதத் தொடங்கிவிடுவார், பெரும்பாலான மேலாளர்கள் அப்படித்தான்.

அந்தக் குறிப்புகள் எல்லாம் ஒரே இடத்துக்கு வந்து சேர வேண்டும். நோட்டில் கொஞ்சம், போனில் கொஞ்சம், திரையில் ஒட்டிய சீட்டில் கொஞ்சம், வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பிக்கொண்டது கொஞ்சம் என்று இருந்தால், எழுதியும் தொலைந்துதான் போகும். எந்தச் செயலி நல்லது என்று தேடி ஒரு மாலையைச் செலவழிக்க வேண்டாம், நீங்கள் ஏற்கனவே தினமும் திறக்கும் ஒன்று போதும். அதுவும் ஒரு கட்டத்தில் சலித்துவிடும், திறக்கவே பிடிக்காது. புதுமை போனதும் ஆர்வம் போவது இந்த நிலையின் இயல்பு. அப்போது “எதையும் என்னால் தொடர முடியாது” என்று உடைந்துபோகாமல், நிறத்தையோ நோட்டையோ மாற்றிக்கொண்டு தொடருங்கள்.

மெயில் பற்றி ஒரே வரி: அறிவிப்பு ஒலிகளை அணைத்துவிட்டு, நாளைக்கு மூன்று முறை மட்டும் திறந்து பாருங்கள்.

ஹாலின் இரைச்சல் உங்கள் கற்பனை இல்லை. வேண்டாத பேச்சை ஒதுக்கி வைப்பதற்கு மூளை தனியாக உழைக்க வேண்டியிருக்கிறது, அந்த உழைப்பு உங்களுக்கு மற்றவர்களைவிடக் கூடுதல். முதலில் கேட்க வேண்டியது இருக்கையை. வாசல், பிரிண்டர், நடைபாதை இவற்றிலிருந்து தள்ளி, சுவரைப் பார்த்த ஓரத்து இருக்கை. இடம் மாற்றிக்கொள்ள ஒருவர் கட்டாயம் கிடைப்பார், ஓரம் பிடிக்காதவர்களும் இருக்கிறார்கள். ஹெட்போனும் உதவும், ஆனால் அதில் என்ன ஓட வேண்டும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். சுவீடனில் 2007-இல் குழந்தைகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், சீரான இரைச்சல் ஒலி ஏடிஹெச்டி உள்ளவர்களின் நினைவுத் திறனைக் கூட்டியது, மற்ற குழந்தைகளுடையதைக் குறைத்தது. முழு அமைதியில்தான் உங்கள் மனம் அதிகம் அலைகிறது என்றால் ஆச்சரியப்பட வேண்டாம். மழைச் சத்தம், மின்விசிறிச் சத்தம், பாடல் வரிகள் இல்லாத இசை என்று மாற்றிப் பாருங்கள்.

வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி கேட்கலாமா என்று அடுத்து யோசிப்பீர்கள். வாரம் ஒரு நாள், குறிப்பிட்ட ஒரு வேலைக்காக மட்டும் கேளுங்கள். வீட்டில் பேச்சுச் சத்தம் குறையும், ஆனால் மனிதர்கள் காத்திருப்பது, நேரம் பிரிந்து கிடப்பது எல்லாம் சேர்ந்தே போய்விடும். முழுக்க வீட்டுக்கு மாறியபின் நிலைமை மோசமானவர்கள் பலர்.

இரைச்சலைவிட உங்களுக்குப் பெரிய தொந்தரவு, அந்த நால்வரும் சந்தேகம் கேட்க வருவது என்று நினைக்கிறேன். நீங்கள் அதை எழுதவில்லை, ஆனால் ஏழு மணிக்குப் பிறகு வேலை ஓடுகிறது என்பதிலேயே அது தெரிகிறது. ஏழு மணிக்கு மாயம் எதுவும் இல்லை, யாரும் கூப்பிடுவதில்லை, அவ்வளவுதான். ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது கவனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்று சோஃபி லெராய் 2009-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அது எல்லாருக்கும் நேர்வது. உங்களுக்கு அதோடு திரும்பி வரும் வழியும் மறந்துபோகிறது. அதனால் இரண்டு ஏற்பாடு. சந்தேகம் கேட்க நேரம் வையுங்கள், காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. அவசரமென்றால் மட்டும் இடையில் வரலாம், எது அவசரம் என்பதையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். இரண்டாவது, யார் வந்து கூப்பிட்டாலும் நிமிர்ந்து பார்க்கும் முன் ஒரு நொடி எடுத்து, திறந்திருக்கும் ஃபைலின் மேல் எழுதுங்கள்: “அடுத்து: பக்கம் 6, பில் தேதியை ஒப்பிட வேண்டும்.” வந்தவர் அந்த ஒரு நொடி நிற்பார். திரும்பி வரும்போது அந்த வரி உங்களைக் கைபிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போகும்.

மூன்று மணிச் சோர்வை உங்கள் குணமாக நினைத்துவிடாதீர்கள். இதற்குத் தரும் மருந்துகளில் சில ஏறக்குறைய நான்கு மணி நேரம்தான் வேலை செய்யும், சில எட்டு முதல் பன்னிரண்டு மணி வரை நிற்கும். உங்களுடையது எந்த வகை என்று எழுதவில்லை. ஒரு வாரக் குறிப்பில் மருந்து போட்ட நேரத்தையும் சோர்வு தொடங்கிய நேரத்தையும் சேர்த்து எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். அளவையோ நேரத்தையோ நீங்களாக மாற்ற வேண்டாம். அதுவரை தலை தெளிவாக இருக்கும் காலை நேரத்தில் அறிக்கையையும் சிக்கலான ஃபைல்களையும் வைத்துக்கொண்டு, மதியத்துக்குத் தொலைபேசி அழைப்பு, குழுவோடு பேச்சு, எழுந்து நடமாடும் வேலைகள் என்று ஒதுக்குங்கள். ஏழு மணி வேலையை மெல்லக் குறைக்க வேண்டும். அது தூக்கத்தைத் தின்கிறது, தூக்கம் குறைந்தால் மறுநாள் எல்லா அறிகுறியும் கூடுகிறது, அப்புறம் மறுபடி ஏழு மணி.

இதுவரை சொன்னது அந்த வேலையைச் செய்யும் விதத்தை மாற்றுவது. வேலையையே கொஞ்சம் மாற்றிக் கேட்கவும் உங்களுக்கு இடமிருக்கிறது. இதைத்தான் பலர் யோசிப்பதே இல்லை. எட்டு வருட சர்வே அனுபவம் உள்ள ஒருவரை முழு நேரமும் அட்டவணை முன்னால் உட்கார வைப்பது நிறுவனத்துக்கும் நஷ்டம்தான். சிக்கலான, சந்தேகத்துக்குரிய க்ளெய்ம்களுக்கு வாரம் ஒரு நாள் நீங்களே நேரில் போவது, இளையவர் ஒருவரை உடன் அழைத்துப்போய்க் கற்றுக்கொடுப்பது, அதற்குப் பதிலாக எண்களை முதலில் தொகுத்துத் தரும் பொறுப்பை அதில் ஆர்வமுள்ள ஒருவருக்குக் கொடுப்பது என்று ஒரு யோசனையை எழுதிக் கொண்டுபோங்கள். பிடிக்காததை இன்னொருவர் தலையில் தள்ளுவதாக அது இருக்கக் கூடாது. அவருக்கு என்ன கிடைக்கிறது, நிறுவனத்துக்கு என்ன கிடைக்கிறது என்பதும் அதில் இருக்க வேண்டும்.

மேலாளரிடம் சொல்வதா? இதில் நான் நிதானத்தின் பக்கம். சொன்னதைத் திரும்பப் பெற முடியாது, சொல்லாததை எப்போது வேண்டுமானாலும் சொல்லலாம். மேலே கேட்கச் சொன்ன எதற்கும் நோயின் பெயர் தேவையே இல்லை. ஓர இருக்கை, எழுத்தில் வேலை, வாரச் சந்திப்பு எல்லாமே நல்ல ஊழியர் யாரும் கேட்கக்கூடியவை. இப்படி எழுதிப் பாருங்கள்:

“வணக்கம். மாத அறிக்கை சில மாதங்களாகத் தாமதமாவது எனக்கும் வருத்தம் தருகிறது. அதைச் சரிசெய்ய ஒரு ஏற்பாடு யோசித்திருக்கிறேன். அறிக்கையை நான்காகப் பிரித்து வாரம் ஒரு பகுதியை முடித்து உங்களிடம் காட்டுகிறேன், அதற்குத் திங்கள்தோறும் பத்து நிமிடம் தேவை. காலை பத்து முதல் பன்னிரண்டு வரை சரிபார்ப்பு வேலைக்காகச் சின்ன மீட்டிங் அறையைப் பயன்படுத்த விரும்புகிறேன். புதிய வேலைகளை மெயிலில் அனுப்பினால் எதுவும் விடுபடாது. இரண்டு மாதம் இப்படிச் செய்து பார்த்துவிட்டு, பயன் இருக்கிறதா என்று சேர்ந்து பார்க்கலாமா?”

பெரும்பாலும் இதிலேயே வேண்டியதில் முக்கால்வாசி கிடைத்துவிடும். கிடைக்காவிட்டால், அல்லது வேலைத் திறன் பற்றி எழுத்துபூர்வமான எச்சரிக்கை வரும் நிலை வந்தால், அப்போது சொல்வது சரி. அதற்கு முன் நிறுவனத்தின் விதிகளையும் நீங்கள் இருக்கும் நாட்டின் சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள், இது நாட்டுக்கு நாடு நிறைய மாறுபடுகிறது. அமெரிக்காவின் 1990-ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் சட்டம், பிரிட்டனின் 2010-ஆம் வருட சமத்துவச் சட்டம் போன்றவற்றில், அன்றாட வாழ்வைக் கணிசமாகப் பாதிக்கும் நிலை என்றால் நியாயமான மாற்றங்களைக் கேட்கும் உரிமை இருக்கிறது. சில நாடுகளில் அப்படித் தெளிவாக இல்லை. சொல்லும்போது மனிதவளப் பிரிவுக்கும் மேலாளருக்கும் மட்டும், மருத்துவரின் கடிதத்தோடு சொல்லுங்கள். எந்த மருந்து எடுக்கிறீர்கள் என்பது அவர்களுக்குத் தேவையில்லாத விவரம்.

“மறதி எல்லாருக்கும்தான் இருக்கு” என்று அவர் சொல்லத்தான் செய்வார். தயாராகவே போங்கள். அதோடு வாதாட வேண்டாம், மூளையைப் பற்றி வகுப்பும் எடுக்க வேண்டாம். “ஆமாம் சார், எல்லாருக்கும் இருக்கு. எனக்கு அது அறிக்கையைத் தாமதப்படுத்தும் அளவுக்கு இருக்கு. எழுத்தில் வந்தால் என்னிடம் தவறாது” என்று வேலைக்கே திரும்பக் கொண்டுவாருங்கள்.

இதோடு சேர்த்து ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தாமதமாகும்போதெல்லாம் நீளமாக மன்னிப்புக் கேட்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், அதைக் குறையுங்கள். 34 வயது வரை காரணம் தெரியாமல் திட்டு வாங்கியவர்களிடம் இதை அதிகம் பார்க்கிறேன், பெண்களிடம் இன்னும் அதிகம். ஓடியாடிக் குறும்பு செய்யாத, அமைதியாகக் கனவில் உட்கார்ந்திருக்கும் சிறுமிகளின் ஏடிஹெச்டி யார் கண்ணிலும் படாமல் போய்விடுகிறது. பல நாடுகளில் செய்த கணக்கெடுப்புகளின்படி பெரியவர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இது இருக்கிறது. உங்கள் அலுவலகம் பெரிதென்றால் அந்த ஹாலிலேயே இன்னும் ஒருவர் இருக்கக்கூடும். தாமதமானால் “வியாழன் தருகிறேன் என்றேன், வெள்ளி பதினொன்றுக்குத் தருகிறேன்” என்று சொன்னால் போதும். எதிரில் இருப்பவருக்கு வேண்டியதும் அந்தப் புதிய நேரம்தான்.

இவை எல்லாவற்றையும் ஒரே திங்கட்கிழமையில் தொடங்கிவிடாதீர்கள். எழுத்தில் வாங்குவது, வாரச் சந்திப்பு, இந்த இரண்டோடு தொடங்குங்கள். அவை பழகியபின் இருக்கை, சந்தேக நேரம். மூன்று மாதம் கழித்து அதே ஒரு வாரக் குறிப்பை மறுபடி எழுதி, பழையதோடு வைத்துப் பாருங்கள்.

அப்போதும் மாறவில்லை என்றால் வேலையை மாற்றுவது நியாயமான முடிவு, நானே ஆதரிப்பேன். ஆனால் நிறுவனத்தை விடும் முன் பழைய சர்வே பணியைத் திரும்பக் கேட்டுப் பாருங்கள். அது கீழிறங்குவது என்று யாராவது சொன்னால் சொல்லட்டும், உங்களுக்கு நன்றாக வருகிற வேலை அது. வெளியே போவதென்றாலும், எந்தப் புது வேலையும் முதல் சில மாதம் உங்களுக்கு அருமையாகத்தான் ஓடும், அதை மட்டும் வைத்து நம்பிவிடக் கூடாது. நேர்காணலில் நீங்களும் கேளுங்கள்: வேலைகள் எழுத்தில் வருமா, வாய்மொழியாகவா? ஒரு வேலை தொடங்கி முடிய எத்தனை நாள் ஆகும்? முடித்ததை யார், எப்போது பார்ப்பார்கள்? ஒரு நாளில் எவ்வளவு நேரம் இருக்கையில், எவ்வளவு நேரம் வெளியில்? உட்காரும் இடத்தைக் காட்ட முடியுமா?